வாடிய பூச் சுமந்த தில்லைக்கண்ணர்

நுணாவூர்க் கோயிலில் சுவாமிக்கும் அம்மைக்கும் சாத்திய மாலைகளை மறுநாள் விடியலில் களைவார்கள். நிர்மாலியம் என்று அதற்குப் பெயர். தெய்வத்தின் மேனியில் கிடந்த பூ என்பதால் யாரும் அதை மிதிக்கக் கூடாது. கூடையில் சுமந்துபோய் நந்தவனத்து மூலையிலுள்ள குழியில் சேர்க்க வேண்டும். அந்தக் கூடையைச் சுமந்தவர் தில்லைக்கண்ணர்.

அழுகிய பூவின் நீர் கூடையிலிருந்து கசிந்து அவர் பிடரியில் வழியும். குளித்தாலும் அந்த வாடை போகாது. "நேத்துப் பூ வருதுடா, மூக்கப் பொத்திக்க" என்று ரைஸ்மில் பரமானந்தம் கடைத்தெருவில் உரக்கச் சொல்வார். தில்லைக்கண்ணர் சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போவார். மண்டபத்தில் உட்கார்ந்து, கனவில் அம்மை வந்தாள், பல்லி சகுனம் சொன்னது என்று பலரும் பேசிக்கொள்வார்கள். அவருக்கு ஒரு கனவும் வந்ததில்லை. ஆனாலும் அம்மை மையார்கண்ணியின் மாலையைக் குழியில் இடுமுன் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒருநாளும் அவர் மறந்ததில்லை.

மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். அவள் விட்டுப்போன மகள் செங்கமலத்துக்கு இப்போது ஏழு வயது. தில்லைக்கண்ணரின் அக்கா கோமளம் குழந்தையை வளர்த்து வந்தாள்.

ஒரு சித்திரையில் செங்கமலத்துக்கு வாந்தி கண்டது. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. காலையில் மட்டும் வெளியூரிலிருந்து வந்துபோகும் டாக்டர் ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார். குடித்ததும் வாந்தி நின்றது, கஞ்சியும் இறங்கியது. மறுநாள் காலை கோமளம் மீண்டும் மருந்தைக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, தில்லைக்கண்ணர் மனம் லேசாகிக் கோயிலுக்குப் போனார்.

அவர் திரும்பியபோது உச்சிவேளை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வெயில் நிழலே இல்லாமல் நின்றது. அவருடைய வீட்டு வாசலில் மட்டும் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே அவ்வளவு பேர் இருந்தும் பேச்சுக்குரல் கேட்கவில்லை. சாம்பிராணிப் புகை மட்டும் வாசல் வழியே மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது.

செங்கமலத்தை மணைமேல் உட்கார்த்தியிருந்தார்கள். அவள் கழுத்து பின்னால் வளைந்து ஒரு பக்கமாக முறுக்கி நின்றது. வாய் கோணி, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. கண்கள் மேலேறி, கூரைக்கும் அப்பால் எதையோ பார்ப்பவைபோல் அசையாமல் நின்றன. கழுத்தில் அரளி மாலை கிடந்தது. தெருவே அவள் முன்னால் தரையில் விழுந்து கிடந்தது.

"தம்பி, ஆத்தா வந்துட்டாடா!" கோமளம் அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்தாள். "காலைல மருந்தக் குடிச்சா. கொஞ்ச நேரத்துல இப்பிடி வந்து இறங்கிட்டா. நீ சுமந்த பூவுக்குப் பலன்டா."

பரமானந்தம் முழந்தாளிட்டிருந்தார். "தில்லைக்கண்ணு அண்ணே, நான் பேசுனதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க" என்றவர், குழந்தையின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "ஆத்தா, என் மவளுக்கு இந்த வருஷமாச்சும் ஒரு புள்ள பொறக்குமா? ஒரு வாக்கு குடு தாயே."

தில்லைக்கண்ணரின் உடல் சிலிர்த்தது. ஒரு கனவுகூட வராத தம்மிடம் அவளே வந்துவிட்டாளா? அவர் கைகள் தாமாகவே குவிந்தன. விழுந்து வணங்குவதற்காகக் குனிந்தார்.

குனிந்தபோதுதான் அந்த முகத்தை அருகில் கண்டார். மேலேறிய கண்களின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சின்ன விரல்கள் காற்றில் துழாவி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டன.

"ப்பா… வலி… க்குது."

தில்லைக்கண்ணர் நிமிர்ந்தார். "இது ஆத்தா இல்ல. என் புள்ள."

"அபச்சாரம் பேசாதய்யா!" பரமானந்தம் எழுந்துவிட்டார். "சாமியத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கா போவே? ஊருக்கு ஆவாது."

"அவ தாயில்லையா அண்ணே? அவ வந்தா புள்ளைக்கு வலிக்குமா?"

"பூக்குப்பை அள்ளுறவன் நமக்குச் சாமியப் பத்திச் சொல்றான் பாருங்க!"

தில்லைக்கண்ணர் குழந்தையின் அருகே உட்கார்ந்தார். மகளின் கழுத்திலிருந்த மாலையை மெல்லக் கழற்றி, யார் காலும் படாதபடி மணைமேல் வைத்தார். மருந்துப் பாட்டிலை மடியில் செருகிக்கொண்டு மகளைத் தூக்கினார். வாசலில் கர்ப்பூரத் தட்டுகளோடு ஆட்கள் வழிமறித்து நின்றார்கள். அவர் கொல்லைப்புறமாக இறங்கி, தாம் பூச்சுமந்து போகும் நந்தவனக் கதவு வழியாகக் கோயிலுக்குள் ஓடினார். அரசாங்க ஆஸ்பத்திரி மேலக் கோபுரத்துக்கு எதிரே இருந்தது. குறுக்கே ஓடினால் சீக்கிரம் சேர்ந்துவிடலாம் என்ற எண்ணம் ஒன்றே அப்போது அவர் மனத்தில் இருந்தது.

மேலக் கோபுரக் கதவு பல வருடங்களாகப் பூட்டிக் கிடப்பது பிரகாரத்தின் பாதி தூரம் போன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

நடை சாத்திய நேரம். அங்கே பகலிலும் இருட்டு. மேற்கூரை முழுவதும் வௌவால்கள் தொங்கும். யாராவது இருமினால்கூட அத்தனையும் கலைந்து பறக்கும். அன்று ஒன்றும் அசையவில்லை. தம் காலடி ஓசைகூடக் கேட்காததை அவர் உணர்ந்தார். அழுகிய பூவாடையே பழகிய அவர் மூக்கில் அப்போதுதான் மலர்ந்த முல்லையின் மணம் ஏறியது. மகளின் மூச்சு திணறியது. "தாயே, எனக்கு ஒண்ணும் வேணாம். இவ பொழைச்சாப் போதும்" என்று சொன்னபடி, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தார். எதிரே குளிர்ந்த காற்று வந்தது. பிறகு பாதத்தில் வெயில் சுட்டது. அவர் தெருவில் நின்றிருந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பாட்டிலை வாங்கிப் பார்த்ததுமே டாக்டரைக் கூப்பிட்டார். ஓர் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் முறுக்கிய கழுத்து தளர்ந்தது. நாக்கு உள்ளே போனது. மேலே நின்ற கண்கள், எங்கோ தூரத்திலிருந்து திரும்பி வருபவைபோல் மெல்லக் கீழிறங்கி அப்பாவைப் பார்த்தன.

"வாந்திக்குக் குடுக்கற மருந்துதான்யா. சில புள்ளைங்களுக்கு இப்பிடி இழுத்து விட்டுரும்" என்றார் நர்ஸம்மா. "இனிமே இதக் குடுக்காதீங்க. எந்த டாக்டர்ட்ட போனாலும் மறக்காமச் சொல்லிருங்க. நல்லவேளை, உடனே தூக்கியாந்தீங்க."

மாலையில் பரமானந்தம் வந்தார். முகம் வெளிறியிருந்தது. "உன்னத் தேடி மேலக் கோபுரம் வரைக்கும் போனோம். பூட்டு துருவேறித் தொங்குது. கதவுல நூலாம்படைகூட அறுபடல. எந்த வழியாய்யா போனே?"

தில்லைக்கண்ணர் திகைத்தார். கட்டிலிலிருந்து குழந்தைதான் பதில் சொன்னாள்.

"அந்த அம்மா தொறந்துவிட்டாங்களே."

"எந்த அம்மா பாப்பா?"

"அப்பா என்னையே பாத்துக்கிட்டு வந்தாரு. எனக்குத்தான் கண்ணு மேலயே நின்னுபோச்சே, அதனால பாத்தேன். ரொம்ப உசரம். கூரை வரைக்கும் இருந்தாங்க. வௌவாலெல்லாம் அவங்க மேலதான் தொங்கிச்சு."

நர்ஸம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார். பரமானந்தம் கட்டிலை நெருங்கினார். "உனக்குப் பயமா இல்லியா?"

"இருந்துச்சு. ஆனா அவங்க என்னப் பாத்து அழுதாங்க. அப்பறம் பயம் போயிருச்சு."

பரமானந்தம் மெல்லக் குனிந்து குழந்தையின் பாதங்களைத் தொடப் போனார். தில்லைக்கண்ணர் போர்வையை இழுத்து அந்தக் கால்களை மூடினார்.

"புள்ளைக்குப் பசிக்கும் அண்ணே. சூடா ரெண்டு இட்டிலி கெடைக்குமான்னு பாருங்களேன்."

பரமானந்தம் எழுந்து இட்டிலி வாங்கப் போனார். தில்லைக்கண்ணர் கிழக்கே கோயில் பக்கம் திரும்பி, சத்தம் வராமல் அழுதார்.

தெய்வமே வந்துவிட்டதென்று ஊரெல்லாம் விழுந்து வணங்கியபோதும், மகளின் வலியை முதலில் கண்டவர் அவர். அந்த எளியவருக்காகத் தாழ் திறந்தவளை நாம் வணங்கும்போது, வாடிய பூ மணக்கும் அவருடைய தோள்களையும் சேர்த்தே வணங்குவோம்.