ஒன்று பத்துக்கு நான்காம் மாடியில்

தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். மூன்று பேர் என்னென்ன செய்தார்கள் என்பதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திருச்சி பாலக்கரையில் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்று. அதன் நான்காம் மாடியில் ஞானப்பிரகாசம் என்ற ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரும் அவர் மகள் ஹெலனும் வசித்தார்கள். ஹெலனுக்கு அடுத்த தெரு மருந்துக் கடையில் வேலை. தினமும் மதியம் ஒன்று பத்துக்கு லிஃப்டில் ஏறி வருவாள். அப்பாவும் மகளும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். மாசி மாதம் மூளைக் காய்ச்சல் வந்து நான்கே நாளில் இறந்துபோனாள்.

பங்குனியில் அது தொடங்கியது. நல்ல வெயிலில், ஒன்று பத்து வாக்கில், யாரும் கூப்பிடாமலே லிஃப்ட் நான்காம் மாடிக்கு வரும். மணி அடிக்கும். கதவு திறக்கும். உள்ளே ஆள் இருக்காது. சற்று நேரம் திறந்தபடி நின்றுவிட்டு மூடிக்கொள்ளும். ஹெலன் சாப்பிட வருகிறாள் என்று பேச்சுப் பரவியது. சித்திரைக்குள் மதியத்தில் லிஃப்டில் ஏற ஆளில்லாமல் போயிற்று. ஐந்தாம் மாடியில் குடியிருந்த நிறைமாதக் கர்ப்பிணி பயந்துகொண்டு படியேறி, பாதி வழியில் மயங்கி விழுந்தாள்.

அதற்குப் பிறகுதான் மூவர் இதைச் சோதித்துப் பார்க்க இறங்கினார்கள். இரண்டாம் மாடி கோமளவல்லி, பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். மஸ்தான், லிஃப்ட் மெக்கானிக். மூன்றாமவள் வசுமதி, ஹெலனோடு அதே மருந்துக் கடையில் வேலை பார்த்தவள், தரைத்தளத்தில் குடியிருப்பவள்.

முதல் நாள் லிஃப்டின் தரையில் அரிசி மாவைச் சலித்துத் தூவினார்கள். லிஃப்ட் வந்தது; மாவில் ஒரு தடமும் இல்லை. இரண்டாம் நாள் நான்காம் மாடி பட்டனின் வயரை மஸ்தான் கழற்றி வைத்தார். லிஃப்ட் வரவில்லை. மூன்றாம் நாள் வயரை மாட்டிவிட்டு மூவரும் எதிர்ப்படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. பட்டனில் தானாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. வசுமதி கோமளவல்லியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, எனக்கே உடம்பு சிலிர்க்குது" என்றார் மஸ்தான்.

கோமளவல்லி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த காற்றுத் துவாரம் வழியாக வெயில் ஒரு கட்டமாக இறங்கி, பட்டனைச் சுற்றியிருந்த தகட்டின் மேல் விழுந்திருந்தது.

நான்காம் நாள் அந்தத் துவாரத்தைத் தடித்த போர்வையால் மூடினார்கள். ஒன்று பத்து. ஒன்றேகால். லிஃப்ட் வரவில்லை. தகடு சூடேறி விரிந்து, தளர்ந்த பட்டனை அழுத்தியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

மூவரும் எழுந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஞானப்பிரகாசம் நின்றார். அவருக்குப் பின்னால் மேஜையில் இரண்டு தட்டுகளில் சோறு இருந்தது. புரை விழுந்த கண்ணைச் சுருக்கி, மூடியிருந்த லிஃப்டைப் பார்த்தார்.

"டீச்சர், இன்னிக்கு ஹெலன் வரலையா?"

கண் அறுவைக்குக் குறித்த நாளை அவர் இரண்டு முறை தவறவிட்டிருந்தார் என்பது மூவருக்கும் தெரியும். மதியத்தில் அவர் வீட்டை விட்டு நகர்வதே இல்லை.

மறுநாள் காலை மஸ்தான் பழைய பட்டனைக் கழற்றிப் புதியதை மாட்டினார். "சொல்ற தைரியம் எனக்கில்லம்மா. வேலையை முடிச்சிட்டேன்" என்று கோமளவல்லியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கோமளவல்லி ஞானப்பிரகாசத்தின் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். "சரிங்க டீச்சர்" என்று கதவைச் சாத்தினார். மூன்று நாள் அந்தக் கதவு திறக்கவில்லை. பால் பாக்கெட்டுகள் வெளியிலேயே கிடந்து திரிந்தன.

நான்காம் நாள் வசுமதியால் தாங்க முடியவில்லை. சரியாக ஒன்று பத்துக்கு நான்காம் மாடி பட்டனைத் தானே அழுத்திவிட்டுப் படிக்கட்டு மறைவில் ஒதுங்கினாள். மணி அடித்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார் ஞானப்பிரகாசம். வெறும் லிஃப்டைப் பார்த்து, "வாம்மா" என்றார். அன்று சாப்பிட்டார். அவள் தினமும் அழுத்தினாள். மூன்றாவது முறையும் கண் அறுவை தள்ளிப்போயிற்று.

சொல்லாமல் சரிசெய்த மஸ்தான், சொல்லிவிட்டுத் திரும்பிய கோமளவல்லி, மறைந்து நின்று அழுத்திய வசுமதி: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கோமளவல்லி. வாய்விட்டுக் கேட்டவருக்கு அவர் ஒருவர்தான் பதில் சொன்னார். மஸ்தான் ரிப்பேர் செய்தார், ஆனால் கேள்வியை விட்டு ஓடினார். வெயில் செய்தவரை அதில் யாருக்கும் பழியில்லை. வசுமதியின் விரல் பட்ட பிறகு அது ஏமாற்று. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு மூன்று நாள் அந்தக் கதவைத் தட்டாமல் இருந்தது கோமளவல்லியின் குறை. அதை நிரப்பியவள் வசுமதிதான். ஒரு மதியம் அவள் ஒளியாமல், சாப்பாட்டுக் கூடையோடு அதே லிஃப்டில் ஏறி வந்து, "அங்கிள், இத்தனை நாளும் நான்தான் அழுத்தினேன்" என்றாள். அவர் திட்டவில்லை. இரண்டாவது தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். ஆனிக்குள் கண் அறுவையும் முடிந்தது. பார்வை தெளிந்த பிறகும், அவள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்துவதற்கு முன், அவள் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.