சூப்பிரண்டு உட்கார்ந்த தலையணை

ஆஸ்பத்திரி சூப்பிரண்டு குலசேகரன் தானே வடிவமைத்த ரெக்சின் தலையணையைக் காட்டி, "ஒரு துடை துடைச்சா சுத்தம்!" என்று பீற்றிக்கொண்டார். துடைக்கிறவளை யார் கேட்டார்கள்? வார்டு ஆயா பிரகாசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தையல் ஓட்டை வழியா எல்லாம் உள்ளே இறங்குது ஐயா. நாத்தம் குடலைப் புடுங்குது."

"கிழிக்காம நிரூபி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

பிரகாசி ஒரு கிண்ணம் ரசத்தைத் தலையணைமேல் கொட்டி ஊறவிட்டு, பளிச்சென்று துடைத்தாள். அவர் வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தார். கறையே இல்லை.

"பார்த்தியா?"

"பார்த்தேங்க. எவ்வளவு நேரம் நிப்பீங்க? இதையே நாற்காலியில போட்டு உட்காருங்க."

ஜம்பமாக உட்கார்ந்தார். தலையணை அமுங்கியதும் உள்ளே இறங்கிய ரசமெல்லாம் அவருடைய வெள்ளைப் பேண்ட்டுக்கு வந்தது.

"எழுந்திரிங்க ஐயா, நர்சம்மாங்களும் பார்க்கட்டும்."

எழுந்திருக்காமலே, தையலில்லாத தலையணை வாங்கக் கையெழுத்துப் போட்டார்.