திரும்பி வராதவர்கள்

சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு தெருவில் பல் டாக்டர்கள் மட்டும் ஐந்து பேர் போர்டு மாட்டியிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் திரவியம்.

பாவம், தனி மனிதர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் மஸ்கட்டில். நாள் முழுக்க வாய் திறந்த மனிதர்களோடுதான் இருக்கிறார், ஆனால் பேச ஒரு ஆள் கிடையாது. வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்கள் எங்கே பேச?

அவருக்கு ஒரு குரு இருந்தார். மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை, ரஹிமா என்று பேர். திரவியத்தைவிட வயதில் இளையவர். இருந்தால் என்ன, குருவுக்கு ஜாதகமா பார்ப்பார்கள்? ஊர்களில் கிளினிக் நடத்துகிறவர்களுக்கென்று மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வகுப்பு எடுப்பார். திரவியம் பஸ் பிடித்துப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவார். பாடத்துக்காகப் போனாரோ, நாலு முகம் பார்க்கப் போனாரோ, அது அவருக்கே வெளிச்சம்.

ஒரு ஞாயிறு ரஹிமா சொன்னார், "ஆழமான சொத்தையை நீங்க ஆளுக்கு ஒரு விதமா அடைக்கறீங்க. அதுல எது நிக்குது, எது போகுதுன்னு காலேஜ்ல உக்காந்திருக்கற எனக்குத் தெரியாது. உங்க கிளினிக்லயே ஒரு ஆராய்ச்சி பண்ணுவோம். யார் வர்றீங்க?"

ஒரு கைகூட எழும்பவில்லை. எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து செல்போனில் வேலை வந்துவிட்டது.

வகுப்பு கலைந்ததும் திரவியம் போய் நின்றார்.

"எங்களுக்கு எதுக்கு மேடம் ஆராய்ச்சி? நாங்க பாட்டுக்கு அடைச்சு அனுப்புதோம்."

"அடைச்சதெல்லாம் நிக்குதா?"

"நிக்காம? என்கிட்ட அடைச்சுட்டுப் போனவங்க, அந்தப் பல்லு வலிக்குன்னு திரும்பி வந்ததே இல்ல."

"வராதவங்க எங்க இருக்காங்க?"

"அவங்கவங்க வீட்ல."

"ஒருத்தரைப் போய்ப் பாத்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு ரஹிமா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதென்ன கூத்து என்றிருந்தது திரவியத்துக்கு. டாக்டர் போய் நோயாளி வீட்டுக் கதவைத் தட்டினால் ஊர் என்ன சொல்லும்? வைத்தியம் ஓடவில்லை, ஆள் பிடிக்கக் கிளம்பிவிட்டார் என்று சொல்லாதா? ஆனாலும் குரு சொல்லை மீற மனம் வரவில்லை. ஒரு சாயங்காலம் ஆவுடையம்மாள் வீட்டுக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அம்மாள் அவர். அவருடைய வலது கடைவாய்ப் பல்லைப் பார்த்துப் பார்த்து அடைத்துவிட்டிருந்தார் திரவியம். தன் கைவேலையிலேயே உசத்தி என்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டர், வாங்க! எங்க வீடு தேடி வந்திருக்கீங்களே." அந்த அம்மாளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முறுக்கும் காப்பியும் வந்தன. நீங்களும் எடுங்கம்மா என்று திரவியம் வற்புறுத்த, ஆவுடையம்மாள் ஒரு துண்டை ஒடித்து இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். அப்படியே இடது பக்கமாகவே மென்றார்.

திரவியத்துக்கு முறுக்கு இறங்கவில்லை.

"வலது பக்கம் ஏன் மெல்லல?"

"சும்மாதான் டாக்டர். பழகிப்போச்சு."

"வாயைத் திறங்க, பாப்போம்."

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். அடைப்பு ஓரத்தில் விட்டுப்போயிருந்தது. உள்ளே புதுச் சொத்தை கறுத்துக் கிடந்தது.

"எப்பலேருந்து?"

"நீங்க அடைச்சு ஆறேழு மாசத்துலேயே கூசுச்சு. பச்சத்தண்ணி குடிக்க முடியாது."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா?"

ஆவுடையம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். "எம்புட்டுப் பிரியமாப் பாத்தீங்க. உங்ககிட்ட வந்து வலிக்குன்னு சொல்ல மனசு வரல."

"சரி, எங்க தெருவிலேயே வேற டாக்டர்கிட்ட போயிருக்கலாம்."

"அதெப்படி? உங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்பட மாட்டீங்களா?"

மறுநாளே வரச்சொல்லிவிட்டு எழுந்தார் திரவியம். தன் மனசு நோகக் கூடாதென்று ஒரு பொம்பளை இத்தனை காலம் ஒரு பக்கமாகவே சாப்பிட்டிருக்கிறாள். இன்னும் எத்தனை பேரோ. வீட்டுக்கு வந்து இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மகளுக்குப் போன் போட்டார். அவள் வேலையாக இருந்தாள் போல, எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பு இல்லை. இருந்தும் மதுரைக்குப் போனார். போனில் கேட்டுக்கொண்டதால் ரஹிமா கல்லூரிக்கு வந்து தன் அறையில் இருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார் திரவியம்.

"கிளினிக்கை மூடிரலாம்னு பாக்கேன் மேடம். என் வேலை ஒண்ணுகூட நிக்கல."

"எத்தனை பேரைப் பாத்தீங்க?"

"ஒருத்தரை."

"அன்னிக்கு யாரையும் பாக்காம எல்லாம் நிக்குதுன்னீங்க. இன்னிக்கு ஒருத்தரைப் பாத்துட்டு ஒண்ணும் நிக்கலங்கறீங்க. மத்தவங்களுக்கு எப்படி இருக்கு?"

திரவியம் யோசித்தார். "தெரியல."

"உங்க வாயிலேருந்து இந்தச் சொல்லை இப்பதான் கேக்கறேன்," என்றார் ரஹிமா. அவர் முகத்தில் கேலி இல்லை.

"நான் போய்க் கேட்டா உண்மையைச் சொல்ல மாட்டாங்க மேடம். காப்பியைக் குடுத்து, நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிருவாங்க."

"வாஸ்தவம்தான். உங்க நோயாளிங்களை இன்னொரு டாக்டர் பாக்கணும். அவர் நோயாளிங்களை நீங்க பாக்கணும். அன்னிக்கு வகுப்புல அதுக்குத்தான் ஆள் கேட்டேன்."

"என்கூட யாரு வருவா?" என்று கேட்டார் திரவியம். "ஒரே தெருவுல இத்தனை வருஷம் இருக்கோம். ஒருத்தர் படியை ஒருத்தர் மிதிச்சதில்ல. வழியில பாத்தா தலையாட்டுவோம், அவ்வளவுதான். நோயாளி வாயில அடுத்தவன் வேலையைப் பாத்தா, எவன் இப்படிப் பண்ணுனான்னு கேட்டுச் சிரிச்சிருக்கேன். அவங்களும் என்னோடதைப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க. இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் போய்க் கூப்பிட?"

ரஹிமா மேஜையில் கிடந்த காகிதங்களை ஒதுக்கி வைத்தார்.

"போன வாரம் உங்க தெருவிலேருந்து ஒரு டாக்டர் என்னைத் தேடி வந்தார்," என்றார். "நீங்க உக்காந்திருக்கற நாற்காலியிலதான் உக்காந்தார். கிளினிக்கை மூடிட்டுப் போயிடலாமான்னு கேட்டார். என்கூட யார் வருவான்னும் கேட்டார்."

திரவியம் நிமிர்ந்தார்.

"யாரு மேடம் அது?"

"உங்க தெருவுல இன்னும் நாலு கதவுதானே இருக்கு," என்றார் ரஹிமா. "தட்டுங்க."