மூன்றாவது பூச்சி

சவரிமுத்து ஐம்பத்து மூன்று வயதிலும் மாணவராக இருந்தார்.

திண்டுக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர் அவர். சனிக்கிழமைதோறும் பேருந்து ஏறி மதுரைக்குப் போவார். அங்கே ஒரு கல்லூரியில், தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான குமுதவல்லியிடம் பூச்சிகளை இனம் பிரிக்கக் கற்றார். அவர் இவரை சார் என்பார். இவர் அவரை மேடம் என்பார். ஏழு வருடமாக அப்படித்தான்.

சவரிமுத்து ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தத்துப்பூச்சிகள். நெல்லில் விழுந்தால் புகையான் என்று விவசாயிகள் தலையில் அடித்துக்கொள்வார்களே, அதன் காட்டு உறவுகள். எள் அளவுதான் இருக்கும். இவற்றைப் பிரித்தறிய நிறத்தை நம்ப முடியாது. இறக்கையையும் நம்ப முடியாது. ஒரே தாய்க்கு நீள இறக்கையோடும் பிள்ளை பிறக்கும், குட்டை இறக்கையோடும் பிறக்கும். ஆண் பூச்சியின் வயிற்றை வெட்டிக் காரக் கரைசலில் ஊறப்போட வேண்டும். சதையெல்லாம் கரைந்துபோன பின், இனப்பெருக்க உறுப்பில் ஒரு சின்ன முள் மிஞ்சும். அந்த முள்ளின் வளைவுதான் இனத்தைச் சொல்லும்.

சிறுமலையில் ஓர் ஓடைக்கரைப் புல்லில் அவருக்கு மூன்று ஆண் பூச்சிகள் கிடைத்தன. இரண்டை வெட்டிப் பார்த்தார். முள் குட்டையாக, நுனி மழுங்கி இருந்தது. அப்படி ஒரு முள்ளை எந்த நூலிலும் யாரும் வரைந்திருக்கவில்லை. போதாததற்கு மூன்றிலும் வயிற்றின் வலப்பக்கம் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் புடைப்பு. மூன்றாவது பூச்சியை அவர் வெட்டவில்லை. புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயரைத் தாங்க ஒரு முழுப் பூச்சி வேண்டும் என்று சாராயக் குப்பியில் பத்திரப்படுத்தினார்.

ஒரு மதிய நேரம் ஆசிரியர்கள் அறையில் வாய்தவறி இதைச் சொல்லிவிட்டார். நான்கே நாளில் செய்தித்தாளில் வந்துவிட்டது. பள்ளி வாசலில் ஃபிளக்ஸ் கட்டினார்கள். அதில் அவர் முகமும், அவர் முகத்தைவிடப் பெரிதாகப் பூச்சியும் இருந்தன.

அந்த வாரம் குமுதவல்லியிடம் வரைபடங்களை நீட்டினார்.

"புதுசுதானே மேடம்?"

குமுதவல்லி வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். புதுசு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதே புல்லில் பிடித்த சாதாரணத் தத்துப்பூச்சிகள் எத்தனை இருக்கின்றன என்று கேட்டார். அறுநூற்றுச் சொச்சம் இருக்கும் என்றார் சவரிமுத்து. அது ஊரெல்லாம் இருக்கும் இனம், நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வைத்தது. அத்தனையையும் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்து, புடைப்பு இருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார் குமுதவல்லி.

சவரிமுத்துவுக்குப் புரியவில்லை. புதுப் பூச்சியைப் பற்றிக் கேட்டால் பழைய பூச்சியைப் பார்க்கச் சொல்கிறாரே என்று நினைத்தார். ஆனாலும் பார்த்தார். மூன்று வாரம் ஆனது. பதினோரு பெண் பூச்சிகளில் புடைப்பு இருந்தது.

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. புது இனத்தின் பெண்களை இத்தனை நாளும் பழைய இனத்தோடு கலந்து வைத்திருக்கிறோம் என்று முடிவுகட்டி, பெண்ணுக்கும் ஒரு பத்தி எழுதிச் சேர்த்தார். எழுதிய பிறகுதான் கவனித்தார். ஆறு பூச்சிகளுக்குப் புடைப்பு இடப்பக்கம் இருந்தது. நான்குக்கு வலப்பக்கம். ஒன்றுக்கு இரண்டு புடைப்பு.

ஒரு வாரம் முழுக்க அதை யோசித்தார். வகுப்பில் தவளையின் இதயத்தைப் பலகையில் வரையும்போது கை நின்றது. எத்தனை அறை என்று பிள்ளைகள்தான் எடுத்துக்கொடுத்தார்கள்.

சனிக்கிழமை வந்ததும் கேட்டார். "எந்தப் பக்கம் இருந்தா அது புது இனம், மேடம்?"

குமுதவல்லி வேறு ஏதோ நினைவு வந்தவர்போல், தான் முதன்முதலில் பெயர் வைத்த பூச்சியைப் பற்றிச் சொன்னார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. பூச்சிக்குத் தன் அப்பாவின் பெயரை வைத்தாராம். அப்பா அந்தப் பெயர் அச்சான தாளைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினாராம். ஆறு வருடம் கழித்து, அது ஏற்கெனவே பெயருள்ள பூச்சி என்று வேறொருவர் காட்டிவிட்டார்.

"அப்பா பேர் பட்டியல்ல இன்னும் இருக்கு, சார். செல்லாத பேர்கள்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தன்னைத் தேற்றுகிறாரா, எச்சரிக்கிறாரா என்று சவரிமுத்துவுக்குத் தெரியவில்லை.

பிறகு குமுதவல்லி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய ஊசியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"மூணாவதை வெட்டுங்க. காரத்துல போடாம வெட்டுங்க."

சவரிமுத்து ஊசியைத் தொடவில்லை. அது ஒன்றுதான் முழுதாக மிச்சம் இருக்கிறது, அதையும் வெட்டிவிட்டால் பெயர் எதன்மேல் நிற்கும் என்று கேட்டார். குமுதவல்லி அடுத்த அறைக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டார்.

ஊசியைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். இரண்டு சனிக்கிழமை மதுரைக்குப் போகவில்லை. அந்தப் பெண்மணிக்குத் தன்மேல் பொறாமையோ என்றுகூட ஒருநாள் நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டார். மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னபோது, வெட்டினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்றார் இவர். வெட்டாவிட்டால்? என்று கேட்டார் ஜெசிந்தா.

மூன்றாவது சனிக்கிழமை காலையில் முதல் பேருந்தில் போய்விட்டார். ஆய்வகத்தில் யாரும் வந்திருக்கவில்லை. குப்பியிலிருந்து பூச்சியை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, வயிற்றின் ஓரத்தை ஊசியால் கிழித்தார்.

உள்ளே குடலோ கொழுப்போ பெரிதாக இல்லை. வெளுத்த பை போல ஒன்று வயிறு முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை மெல்ல இழுத்தார். புடைப்பும் கூடவே அசைந்தது. புடைப்பு பூச்சியின் உடம்பு இல்லை. உள்ளே இருந்ததன் தலை. அது தத்துப்பூச்சியின் வயிற்றுக்குள் வாழ்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் பாடப்புத்தகத்துக்கு வெளியே படித்தவர். இப்படிப்பட்ட ஒட்டுண்ணிகள் இருப்பது அவருக்குத் தெரியும். அவை உள்ளே இருந்து தின்னத் தின்ன, வீட்டுக்காரப் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பு வளராமல் குன்றிப்போகும் என்பதும் தெரியும். பழைய இனத்தின் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதன் முள் நீளமானது, கூர்மையானது. தன்னுடைய குட்டை முள்ளைப் பார்த்தார். அது வளர்ந்திருந்தால் அந்த நீள முள்ளாகத்தான் ஆகியிருக்கும்.

அவர் கண்டுபிடித்தது நோயாளியை.

காரத்தில் ஊறப்போட்டு, உள்ளே இருந்ததையும் சேர்த்துக் கழுவிக் கொட்டிய முதல் இரண்டையும் நினைத்துக்கொண்டார்.

குமுதவல்லி வருவதற்குள் வெட்டிய பூச்சியைச் சாராயத்தில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, கிளம்பிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போய், அது புதிய இனம் இல்லை என்றும் தான் தவறு செய்துவிட்டதாகவும் சொன்னார். செய்தித்தாளில் வந்துவிட்டதே என்றார் அந்த அம்மா. அவர்களுக்கும் எழுதிவிட்டேன் என்றார் சவரிமுத்து. காலைக் கூட்டத்தில் எழுநூறு பிள்ளைகளுக்கு முன்னால் அதையே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு ஏணி போட்டு ஃபிளக்ஸைத் தானே அவிழ்த்தார்.

அடுத்த சனிக்கிழமை, படிப்பை விட்டுவிடுவதாக எழுதிய கடிதத்தோடு மதுரைக்கு வந்தார்.

குமுதவல்லி நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். இவர் வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்து மேசையில் வைத்தார்.

"முதல் நாளே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா, மேடம்?"

"சந்தேகம் இருந்தது."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மூணாவதையும் நோய் வந்ததுன்னு தூக்கிப் போட்டிருப்பீங்க."

சவரிமுத்துவுக்கு அதிலும் தெளிவு பிறக்கவில்லை. தூக்கிப் போட வேண்டியதைத்தானே தூக்கிப் போட்டிருப்பேன் என்று நினைத்தார். ஏழு வருடம் பார்த்தும், எதைப் பார்க்கிறோம் என்று தெரியாதவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டார்.

குமுதவல்லி எழுந்து நுண்ணோக்கியின் முன்னால் அவரை உட்கார வைத்தார். தட்டில் பூச்சி இல்லை. அதன் வயிற்றிலிருந்து எடுத்த ஒட்டுண்ணி மட்டும் கிளிசரினில் கிடந்தது. தலையில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ஒரு பிளவு. அதன் இரு பக்கமும் சின்னச் சின்னப் பற்கள், ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் நான்கு.

சவரிமுத்து வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். குமுதவல்லியின் மேசையில் நூல்கள் திறந்து கிடந்தன, ஆறேழு இருக்கும். ஒவ்வொன்றிலும் துண்டுத்தாள் செருகி, அடித்து அடித்து எழுதியிருந்தது. அவர் அந்த வாரம் முழுக்க இதைத்தான் தேடியிருக்கிறார்.

"இது எந்த இனம், மேடம்?"

"தெரியலை, சார்," என்றார் குமுதவல்லி. "கொஞ்சம் தள்ளி உட்காருங்க. நானும் பார்க்கணும்."