மேஜை மேல் வைத்த கை

அகப்பைக்குறிச்சிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னவர் மறந்தாலும் அவர்கள் மறக்கமாட்டார்கள். எப்படிச் சொன்னாரோ அப்படியே செய்து முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். அந்த ஊரில் பெண் எடுக்க வெளியூர்க்காரர்கள் தயங்குவதற்கு அது ஒன்றுதான் காரணம். மற்றபடி நல்ல தண்ணீர், நல்ல காற்று, பஸ் வசதி எல்லாம் உண்டு.

இதில் அதிகம் அடிபட்டவள் சொர்ணம். அவளுக்கு இரண்டு சம்பந்தம் கைக்கு வந்து நழுவிப் போயிருந்தது. முதல் மாப்பிள்ளையின் அம்மா, "எதையும் மறைக்காம சொல்லிடுங்க" என்று கேட்டாள். சித்தப்பா பக்கிரி மறைக்கவில்லை. சின்ன வயசில் சொர்ணம் பாயை நனைத்ததில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டு ஆடு உண்மையில் எப்படிக் காணாமல் போனது என்பது வரைக்கும் சொல்லி முடித்தார். இரண்டாவது இடத்தில், "வாங்க, வீட்டைச் சுத்திப் பாருங்க" என்றார்கள். அப்பா மாசிலாமணியும் தாய்மாமன் கோதண்டமும் தெருவில் இறங்கி, வீட்டை மூன்று சுற்று சுற்றி, வாசலில் விழுந்து கும்பிட்டு, அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவன் இளம்பரிதி. புதுச்சேரியில் கடலோரமாக ஓர் இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில் பீட்சா சுடுகிறவன். போட்டோவில் மூக்கு நுனியில் மாவோடு சிரித்துக்கொண்டிருந்தான். அந்த மாவைப் பார்த்ததுமே சொர்ணம் முடிவு செய்துவிட்டாள், இந்த ஆளை விடக்கூடாது என்று. ஆனால் விடுமுறைக் காலம், கடையில் லீவு தரவில்லை. "நீங்களே கடைக்குச் சாப்பிட வந்துடுங்க. என்னைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, என் வேலையைப் பார்த்த மாதிரியும் ஆச்சு" என்று போனில் கூப்பிட்டான்.

மாடு கன்று போடும் நேரம் என்று அம்மா வீட்டில் இருந்துவிட்டாள். கிளம்பும்போது ஆம்பிளைகள் மூவரையும் நிற்க வைத்துச் சொன்னாள்:

"மாப்பிள்ளை என்ன சொல்றாரோ அதை மட்டும் செய்யுங்க. தயவுசெஞ்சு உங்க சொந்தப் புத்தியை எடுத்துடாதீங்க."

"நாங்க என்னைக்கு எடுத்திருக்கோம்?" என்றார் அப்பா. அது சத்தியம்.

சாயங்காலம் போய் இறங்கினால், கடைக்குக் கூரையே இல்லை. தோட்டம் பூராவும் ஒற்றைக் கால் வட்ட மேஜைகள், மேஜைக்கு ஒரு மெழுகுவத்தி, தலைக்கு மேலே வெறும் ஆகாசம். அப்படியும் கல்யாண வீட்டு இரண்டாம் பந்தி மாதிரி கூட்டம்.

"கூரை போடக்கூட வக்கில்லை. இவன் எங்கே மாப்பிள்ளைக்கு ஒழுங்கா சம்பளம் குடுக்கப் போறான்?" என்று அப்பா கவலைப்பட்டார்.

"கரண்டையும் பிடுங்கிட்டாங்க போல இருக்குண்ணே. மெழுகுவத்தி எரியுது," என்றார் பக்கிரி.

"இந்த நிலைமையிலும் இத்தனை ஜனம் வந்திருக்குன்னா, பாவம் பார்த்துத்தான் வந்திருக்கு," என்றார் கோதண்டம். மூவரில் அவர்தான் யோசிக்கிறவர். "பட்டணத்து ஜனங்களுக்கு மனசு பெரிசு, மச்சான்."

காலி மேஜை ஒன்றும் இல்லை. பக்கிரி தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பஸ்ஸில் ஜன்னல் வழியாக எறிந்து இடம் பிடித்துப் பழகிய கை, குறி தப்பவில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் நூடுல்ஸ் மாதிரி எதையோ சுற்றிச் சுற்றித் தின்றுகொண்டிருந்த தட்டிலேயே துண்டு போய் விழுந்தது. அவர் அதில் வாயைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்யூ" என்று மடித்து ஓரமாக வைத்தார்.

"துண்டு போட்டாச்சு, எழுந்திரிங்க சார்," என்று பக்கிரி மரியாதையாகத்தான் சொன்னார். சத்தம் கிளம்பியது. அதைக் கேட்டு உள்ளேயிருந்து இளம்பரிதி ஓடி வந்தான். போட்டோவில் பார்த்த அதே மூக்கு, அதே மாவு. துண்டை வாங்கிப் பக்கிரி தோளில் போட்டு, மூலையில் அப்போதுதான் காலியான மேஜையில் அவசர அவசரமாக அவர்களை உட்கார வைத்தான்.

"இன்னைக்குக் கூட்டம் தாங்கலை மாமா. கொஞ்சம் அசந்தா வேற ஆள் வந்து உட்கார்ந்துடுவான். எல்லாரும் மேஜை மேல கையை வையுங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

நாலு கை மேஜை மேல் விழுந்தது. ஆம்பிளைகள் மூவரும் வலது கை. சொர்ணம் இடது கை. இளம்பரிதி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடினான்.

முதல் சிக்கல், சாப்பிடுவதற்கு முன் கை கழுவ வேண்டும். குழாய் வாசல் பக்கம் இருந்தது.

"மேஜையை விட்டுட்டு எப்படிப் போறது?"

"ஏன் விடணும்? மேஜையும் வரட்டும். அதுக்கென்ன காலில்லையா?"

மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்து, கையை எடுக்காமலே கையையும் மேஜையையும் சேர்த்துக் கழுவினார்கள். திரும்பி வந்தால் மூலையில் வேறு மேஜை போட்டு, வேறு குடும்பம் உட்கார்ந்திருந்தது.

"மாப்பிள்ளை சொன்னது சரியாப் போச்சு பாத்தியா!" அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லவேளை, மேஜையாவது நம்ம கையில இருக்கு."

நடைபாதை நடுவில் மேஜையைப் போட்டு, சுற்றி நின்றார்கள். பீட்சா வந்தது. கனமான தோசை மேல் தக்காளிச் சட்னி ஊற்றி, அதன் மேல் ஏதோ உருகிக் கிடந்தது. அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது: சாப்பிடுகிற கை மேஜை மேல் இருக்கிறது. எடுக்கக் கூடாது.

"இடது கையால சாப்பிட்டா?"

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்துல பீச்சாங்கையா? நல்லாருக்கு மாமா."

கடைசியில் சொர்ணத்தின் வலது கை ஒன்றுதான் சும்மா இருந்தது. நண்டும் சிண்டுமாக நிற்கிற பிள்ளைகளுக்கு ஊட்டுகிற மாதிரி, அந்த மூன்று மீசைகளுக்கும் மாற்றி மாற்றி ஊட்டினாள். பக்கத்து மேஜைக்காரர்கள் செல்போனை எடுத்தார்கள். தங்கள் சாப்பாட்டைப் படம் பிடித்து முடித்து, அது ஆறிப்போகக் காத்திருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

கோதண்டம் பீட்சாவில் ஒரு விள்ளலைக் கடித்தார். உருகிக் கிடந்தது நூலாக நீண்டு, அவர் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் தொங்கியது.

"அறுத்துடாதே!" என்று பல்லைக் கடித்துக்கொண்டே கத்தினார். "சம்பந்தம் பேச வந்த இடத்துல இழை அறுந்தா சகுனம் ஆகாது. அதுவா முடியட்டும்."

இழை முடியட்டும் என்று பின்னால் ஓரடி வைத்தார். கை மேஜை மேல் இருந்ததால் மேஜையும் வந்தது. மேஜை வந்ததால் தட்டும் வந்தது. தட்டு வந்ததால் இழை அப்படியே இருந்தது. இன்னும் ஓரடி வைத்தார். இப்படியே தோட்டம் முழுக்க ஒரு சுற்று வந்தார்கள்.

"எவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் முடியலையே!" என்று வியந்தார் பக்கிரி. "நீளமா செஞ்சிருக்காரு மாப்பிள்ளை."

அடுப்படி ஜன்னலைத் தாண்டும்போது இளம்பரிதி மாவை உயரே எறிந்து சுழற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிடுற பொருளைத் தூக்கிப் போடுறானே," என்றார் அப்பா. "நாளைக்குப் பேரப்பிள்ளையையும் இப்படித்தான்..."

"பிடிச்சிடுறாரேப்பா," என்றாள் சொர்ணம். முகம் சிவந்துவிட்டது.

அவன் ஜன்னல் வழியாக மேஜை ஒன்று நகர்ந்து போவதைப் பார்த்துத் திகைத்து, "வரேன்" என்று கையைக் காட்டினான்.

அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும் என்று வந்தவர்கள், ஆகாசம் திரும்பிப் பார்த்ததும் அலறி அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மேஜை கதவுக்குள் நுழையவில்லை. நால்வரும் வெளியே நின்றார்கள்.

"சொர்ணம், நனையிறியேம்மா. நீயாவது கையை எடுத்துட்டு உள்ளே போ."

"மாட்டேன். அவர் இன்னும் வந்து சொல்லலை. முதல் பேச்சையே கேக்கலைன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"

கோதண்டம் யோசித்தார். "மேஜையைத் தூக்கிப் பிடிச்சா குடை. ஆனா காலைத்தான் பிடிக்கணும். காலும் மேஜைதானா?"

"உங்க காலை ஒருத்தன் மிதிச்சா, யாரை மிதிச்சான்னு சொல்வீங்க மாமா?" என்று கேட்டார் பக்கிரி.

"என்னைத்தான்."

"அப்போ காலும் மேஜைதான்."

தட்டில் மிச்சமிருந்ததை இழையோடு சேர்த்துச் சொர்ணம் கோதண்டம் வாயில் திணித்தாள். ஒற்றைக் காலைப் பிடித்து மேஜையைத் தலைக்கு மேலே உயர்த்தினார்கள். சொட்டு விழவில்லை. ஊருக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மாப்பிள்ளையைக் காணோம். கையை எடுக்க முடியாது, பஸ்ஸையும் விட முடியாது. இரண்டும் கெடாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. குடை பிடித்தபடியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

பக்கிரி துண்டைப் போட்டு ஒரே ஒரு இடம் பிடித்தார். அதில் மேஜையை உட்கார வைத்து, நாலு பேரும் அதன் மேல் கையை வைத்து நின்றுகொண்டே வந்தார்கள். "மேஜைக்கும் டிக்கெட் எடுங்க" என்றார் கண்டக்டர். "உயரத்தைப் பாருங்க தம்பி, அரை டிக்கெட்தானே வரும்?" என்று அப்பா நியாயம் கேட்டார்.

வீட்டு வாசலிலும் மேஜை நுழையவில்லை. நால்வரும் வெளியிலேயே அதைச் சுற்றித் தூங்கினார்கள். விடிந்ததும் அம்மா சாணிக் கரைசல் வாளியோடு வந்து நின்றாள். கன்று பிறந்த சந்தோஷம் முகத்தில் கொஞ்சம் இருந்தது. மேஜையைப் பார்த்ததும் போய்விட்டது.

"வாசல் தெளிக்கணும். அந்தக் கருமத்தைத் தூக்குங்க."

தூக்கினார்கள். அவள் தெளித்து, அதன் நிழலிலேயே கோலம் போட்டாள். கடைசிப் புள்ளி வைக்கும்போது ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. இளம்பரிதி குதித்து இறங்கினான். "மேஜை இல்லாம நீயும் வராதே" என்று முதலாளி விரட்டியிருந்தார். நேராக மேஜைக்கு அடியில் ஓடி வந்து, மூச்சு வாங்கக் கத்தினான்:

"முதல்ல கையை எடுங்க!"

ஒரே நேரத்தில் நாலு பேரும் கையை எடுத்தார்கள். அவ்வளவு ஒழுங்காக அந்த ஊரில் யாரும் எதையும் செய்ததில்லை. மேஜை அவன் கால் மேல் இறங்கியது.

சொர்ணம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். அவன் வலியில் முனகிக்கொண்டே கேட்டான்:

"மழையில கூடவா கையை எடுக்கலை?"

"நீங்க வந்து சொல்லலையே."

அவன் அவளையே பார்த்தான். அந்தக் கடையில் வெங்காயம் நறுக்குகிறவன்கூட அவன் பேச்சை இதுவரை கேட்டதில்லை. அந்த வாரமே நாள் குறித்தார்கள்.

முகூர்த்தத்தில் தாலி ஏறியதும் ஐயர், "பொண்ணு கையைப் பிடிச்சுக்கோங்கோ. நான் சொல்ற வரைக்கும் விடப்படாது" என்றார். அதற்குள் அடுத்த ஊர்க் கல்யாணத்துக்கு அவரைக் கூட்டிப்போக பைக் வந்துவிட்டது. அவசரத்தில் ஏறிப் போய்விட்டார். இளம்பரிதி சிரித்துக்கொண்டே கையை விடப் போனான். சொர்ணம் ஒரு பார்வை பார்த்தாள். மேஜை விழுந்த கால் விண்ணென்று தெறித்தது. அவன் விடவில்லை.

ஒரு கையால் இருவரும் சாப்பிட்டார்கள். கடையில் அவன் மாவை எறிந்தான், அவள் பிடித்தாள். ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள் என்று முதலாளிக்குச் சந்தோஷம். அம்மாதான் பொறுக்காமல் பக்கிரியை ஐயர் ஊருக்கு அனுப்பினாள். "ஐயரைப் பார்க்காம இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லி அனுப்பினாள்.

பக்கிரி போன பஸ் திரும்பி வரும்போது அதில் ஐயரே வந்து இறங்கினார். மறந்து வைத்துவிட்டுப் போன செம்பை எடுக்க. மறுவீட்டுக்கு வந்திருந்த சொர்ணமும் இளம்பரிதியும் கையைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, "அடடா, இன்னுமா? வி..." என்று வாயைத் திறந்தார்.

கோதண்டம் பாய்ந்து அவர் வாய் மேல் கையை வைத்தார்.

"சொல்லிடாதீங்க சாமி! உங்களைத் தேடிப் பக்கிரி போயிருக்கான். அவன் வரட்டும். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டா, பாவம், அவன் போனது வீணாயிடும்."

பக்கிரி ஐயர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஐயரைப் பார்க்காமல் அவர் திரும்ப மாட்டார். பக்கிரி திரும்பாமல் கோதண்டம் கையை எடுக்க மாட்டார். சொர்ணத்துக்கு மட்டும் ஒரு அவசரமும் இல்லை.