வாசிப்புக் கூடத்துக்கு யார் பெயர்?

பூவரசங்குறிச்சிப் பேரூராட்சித் தலைவி உலகம்மாளுக்கு அன்று காலையில் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. மறுநாள் புது நூலகத்துக்குத் திறப்பு விழா. பந்தல் போட்டாயிற்று, நாற்காலிகளும் வந்து இறங்கிவிட்டன. வாசிப்புக் கூடத்தின் வாசலுக்கு மேல் பதிக்கவேண்டிய கல் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. கல்தச்சர் உளியைத் தீட்டி வைத்துக்கொண்டு அலுவலக வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பேரைச் சொல்லுங்கம்மா. மத்தியானத்துக்குள்ள வெட்டித் தந்திருதேன்."

அவர் கேட்டது ஒரு பெயர். கல்லில் அந்த இடத்தைக் கேட்டு உள்ளே உட்கார்ந்திருந்தவர்களோ மூன்று பேர்.

பழைய நூலகம் ஓர் ஒழுகுகிற வாடகை வீட்டில் இருந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், உலகம்மாளுக்கு வீட்டைவிட்டு வெளியே கால் வைக்கக் கிடைத்த ஒரே சாக்கு அந்த நூலகம்தான். மேடையில் நாலு வார்த்தை பேசத் துணிச்சல் வந்ததே அங்கே படித்த பத்திரிகைகளால் என்று இன்றைக்கும் சொல்வார். போன வருஷம் அந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். நூலகத் துறையில் போய் நின்றபோது, "இடம் கொடுங்கள், வண்டி போகிற மாதிரி வழி கொடுங்கள், உங்கள் பங்குக்கு நிதியும் ஒதுக்குங்கள். மூன்றும் கையில் வந்த பிறகுதான் கட்டடத்தைப் பற்றி யோசிப்போம். இல்லையென்றால் நூலகத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவோம்" என்றார்கள்.

இடம் கொடுத்தவர் அரிசி ஆலை அதிபர் தாணுலிங்கம். ஆலைக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த நிலத்தில் வேண்டிய அளவு எழுதிக் கொடுத்தார். "ஆனா அதுவரைக்கும் தார் ரோடு போட்டுத் தரணும். அதை முதல்லயே தீர்மானத்துல எழுதிருங்க" என்றார். எழுதினார்கள். அந்த நிலத்தை ஒட்டி அவர் கல் ஊன்றி வைத்திருந்த வீட்டு மனைகள், பாதை இல்லாத காரணத்தால் பல வருஷமாக விலைபோகாமல் கிடந்தன. ரோடு விழுந்ததும் ஒன்றுவிடாமல் விற்றன.

நிதிக்கு வழி செய்தவர் ஆறாவது வார்டு உறுப்பினர் ஸ்டெல்லா புஷ்பம். அவர் வார்டில் மழைநீர் வடிகால் கட்டப் பணம் ஒதுக்கியிருந்தது. கூட்டத்தில் எழுந்து, "வடிகாலை அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம். அதை நூலகத்துக்கு மாத்துங்க" என்றார். மன்றமே கைதட்டியது. வார்டு மக்களிடம் அதுபற்றி அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஐப்பசி மழையில் ஆறாவது வார்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஸ்டெல்லா ஜெயித்தது ஆறாவது வார்டில் என்றாலும், வீடு மேட்டில், மூன்றாவது வார்டில். ரேஷன் கடை வரிசையில் பெண்கள் அவரைக் கிழித்துத் தொங்கப் போட்டார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

வழி விட்டவர் டீக்கடை மசூது. பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, பட்டா உள்ள சொந்த மண்ணில் கடை. அதை இடித்தால்தான் தாணுலிங்கம் கொடுத்த நிலத்துக்குப் பாதை. நஷ்டஈடு கொடுக்கப் பேரூராட்சியில் வழியில்லை என்பதை உலகம்மாளே போய்ச் சொன்னார். சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் தேர்தலில் மசூது எதிரணிக்காரர். அவர்களுடைய கூட்டமெல்லாம் அந்தக் கடையில்தான் நடக்கும். மசூது ரெண்டு நாள் யோசித்தார். பிறகு கடையைப் பிரித்து, பின்னால் மிஞ்சிய துண்டு நிலத்தில், பேருந்திலிருந்து இறங்குகிறவர் கண்ணில் படாத மூலையில் அடுப்பு மூட்டினார். கட்டடம் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. வியாபாரம் படுத்துவிட்டது. வீட்டில் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கட்டட வேலை தொடங்கியது, கொத்தனார்கள் வந்தார்கள். திறப்பதற்கு முன்பே, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நிழல் தேடி அங்கே கூட ஆரம்பித்தார்கள். இப்போது பழைய இடத்தில் விற்றதைவிட இரண்டு பங்கு டீ விற்கிறது.

உலகம்மாள் மூவரையும் பார்த்தார்.

"மண்ணே என்னோடது. மண்ணு இல்லாம கட்டடம் அந்தரத்துலயா நிக்கும்?" என்றார் தாணுலிங்கம். உலகம்மாளின் தேர்தல் செலவில் பாதி அவருடையது. அதை அவர் சொல்லவில்லை, சொல்லவேண்டியதும் இல்லை.

"ஏச்சு வாங்கினது நான் அக்கா. அடுத்த தேர்தல்ல நான் ஜெயிக்கவே மாட்டேன்" என்றார் ஸ்டெல்லா. அவர் உலகம்மாளின் கட்சி, கூடப்பிறக்காத தங்கை மாதிரி.

மசூது தலையைச் சொறிந்தார். "எனக்கும் ஆசைதாம்மா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"உனக்கென்னப்பா, யாவாரம்தான் ரெட்டிப்பாயிட்டே!" என்று சிரித்தார் தாணுலிங்கம்.

இந்த மூவரில் ஒருவர் பின்வாங்கியிருந்தாலும் பூவரசங்குறிச்சிக்கு நூலகம் இல்லை. இப்போது உலகம்மாளின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். கல்தச்சரிடம் யார் பெயரைச் சொல்வீர்கள்? ஏன்?

விடை: உலகம்மாள் மசூதின் பெயரைச் சொன்னார். தாணுலிங்கம் நிலத்தைக் கொடுக்கும்போதே ரோட்டை வாங்கிக்கொண்டார். அது நியாயமான பேரம், ஆனால் பேரம். ஸ்டெல்லா பட்ட ஏச்சு உண்மை. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது தன்னுடையதை அல்ல. தண்ணீரில் நின்றவர்கள் வேறு ஆட்கள், அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. மசூது கொடுத்தது சொந்த மண்; கொடுத்த அன்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது நஷ்டம் மட்டும்தான். பிறகு லாபம் வந்ததால் அன்றைய கொடை சிறுத்துவிடாது. தாணுலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோனார். ஆனாலும் விழாவுக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஸ்டெல்லாதான், "அப்போ என் வார்டு ஜனங்களுக்கு என்ன அக்கா?" என்று கேட்டார். "அவங்களுக்குக் கல்லுல பேரு எதுக்கு? வடிகால்தான் வேணும்" என்றார் உலகம்மாள். அடுத்த மன்றக் கூட்டத்தின் முதல் தீர்மானம் அதுதான். ஸ்டெல்லா முன்மொழிந்தார். இந்தத் தடவை வார்டு மக்களைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.