குச்சிக்கு ஒரு ஓட்டு

ஏரிக்கரை மருதமரத்தில் பறவைகளுக்கு இரண்டு சபை இருந்தது. கீழ்க்கிளையில் ஒன்று, உச்சிக்கிளையில் மேல்சபை. மேல்சபை தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும். ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாக ரயில் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது.

மேல்சபையில் ஓர் இடம் காலியானது. கொக்கும் மைனாவும் போட்டியிட்டன.

"என்னை ஏற்றிவிடுங்கள்! எருமைகளை ஏரியில் இறக்கி நாணலையெல்லாம் மேயவிடுகிறேன். அப்புறம் எல்லோருக்கும் மீன் பளிச்சென்று தெரியும்!" என்றது கொக்கு.

நாணலுக்குள்தான் நீர்க்கோழியின் மிதக்கும் கூடு இருந்தது. அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. நீர்க்கோழி பதறி மரத்தடிக்கு ஓடி வந்தது.

"காக்கா அண்ணே, எனக்கும் ஓட்டு உண்டா?"

காகம் சிரித்தது. "மரத்துல கூடு இருக்கிறவங்களுக்குத்தான் ஓட்டு. சொந்தக் கூட்டுலேருந்து குச்சி உருவிப் போடணும். எத்தனை குச்சியோ அத்தனை ஓட்டு! உன் கூடு தண்ணியில ஆடுது. அதெல்லாம் ஒரு சொத்தா தாயீ?"

"நீங்களாவது மைனாவுக்குப் போடுங்க அண்ணே! என் பிள்ளைங்க எங்கே போகும்?"

"மீனை விடச் சொல்றியா? போ, போ!"

காகம் கொக்குக்காகக் குச்சி குச்சியாக உருவியது. மற்ற பறவைகளும் உருவின. உச்சிக்கிளையில் குச்சி மலைபோல் குவிந்தது. கொக்கு ஜெயித்து அதன்மேல் ஏறி நின்றது.

அன்று சாயங்காலமே மழை கொட்டியது. காகத்தின் கூட்டில் மிச்சம் ஒன்றுமில்லை. குஞ்சுகள் நனைந்து நடுங்கின.

"ஐயா, கொஞ்சம் குச்சி திருப்பிக் கொடுங்க!" என்று காகம் கொக்கிடம் கெஞ்சியது.

"போட்ட ஓட்டை யாராவது திருப்பிக் கேட்பாங்களா?" என்று கொக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

காகம் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு நாணலுக்குப் போனது. வாசலில் தலைகுனிந்து நின்றது. நீர்க்கோழி தன் குஞ்சுகளை ஓரமாக நகர்த்தியது.

"உள்ளே வாங்க அண்ணே. கூடு கொஞ்சம் ஆடும், பயப்படாதீங்க."

காலையில் எருமைகள் கரைக்கு வந்தன. மேலிருந்து கொக்கு, "ம், இறங்..." என்று வாயைத் திறந்தது.

"நிறுத்துய்யா!" என்று காகம் பாய்ந்து போய்த் தன் குச்சிகளை உருவியது. மழையில் நனைந்த மற்ற பறவைகளும் அவரவர் குச்சிகளை உருவின. குவியல் சரிந்தது. கொக்கு சேற்றில் பொத்தென்று விழுந்தது! உத்தரவு வராததால் எருமைகள் வந்த வழியே திரும்பின.

மறுபடி ஓட்டு நடந்தது. இந்தத் தடவை வீட்டுக்கு ஒரே குச்சி. முதலில் வந்து விழுந்தது, நீர்க்கோழி கொண்டுவந்த ஈர நாணல்.

இன்று நாம் உரிமையில்லை என்று ஒதுக்குகிறவரின் வீட்டிலேயே நாளை நாம் ஒதுங்க நேரலாம். அதனால் யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது.